டைலர் ஹான்ஸ்ப்ரோ: காலேஜ்ல இவ்ளோ பெரிய ஆளு, என்பிஏல ஏன் நிக்கல?

மூணுபாயிண்ட்_முத்து கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இத்தனை வருஷமா அமெரிக்க ப்ரொஃபஷனல் பேஸ்கட்பால் லீக் என்பிஏ மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், காலேஜ் பேஸ்கட்பால் பக்கம் போனதே இல்ல. இப்பதான் மார்ச் மேட்னஸ் (காலேஜ் டீம்களோட நேஷனல் டோர்னமெண்ட்) பாக்க ஆரம்பிச்சு அப்படியே பழைய ரெக்கார்ட் எல்லாம் தேடிட்டு இருந்தேன். நார்த் கரோலைனா யுனிவர்சிட்டின்னா நமக்கு தெரிஞ்சது மைக்கேல் ஜோர்டான், அங்க ஆல்டைம் டாப் ஸ்கோரர் அவராதான் இருப்பார்னு நெனச்சு பாத்தா டைலர் ஹான்ஸ்ப்ரோன்னு ஒருத்தர், 2,872 பாயிண்ட்ஸ். ஜோர்டான் மூணு வருஷத்துல 1,788. அந்த யுனிவர்சிட்டி மட்டும் இல்ல, அது ஆடற ஏசிசி கான்ஃபரன்ஸ் (பல யுனிவர்சிட்டி டீம்கள் சேந்த லீக்) மொத்தத்துக்கும் இவர்தான் நம்பர் ஒன், ட்யூக், வேக் ஃபாரஸ்ட், மேரிலாண்ட், விர்ஜினியான்னு அந்த கான்ஃபரன்ஸ்ல ஆடின எந்த ப்ளேயரும் இவர தாண்டல.

சரின்னு என்பிஏ கேரியர் பாத்தேன். 2009 டிராஃப்ட்ல (என்பிஏ டீம்கள் புது ப்ளேயர்ஸ வரிசையா எடுக்கற நிகழ்ச்சி) 13வது பிக், இண்டியானா பேசர்ஸ், அப்புறம் டொரண்டோ, அப்புறம் ஷார்லட், ஏழு சீசன்ல முடிஞ்சிடுச்சு, ஆவரேஜ் 6.7 பாயிண்ட்ஸ், 4.2 ரீபவுண்ட்ஸ். அதுக்கப்புறம் சைனா லீக்.

எனக்கு புரியல. காலேஜ்ல நாலு வருஷமும் ஆல்-அமெரிக்கன் (நாட்டோட சிறந்த காலேஜ் ப்ளேயர்ஸ் பட்டியல்), 2008ல நேஷனல் ப்ளேயர் ஆஃப் த இயர் அவார்ட் பெருசு எல்லாத்தையும் வாரிட்டு போயிருக்கார், 2009ல சாம்பியன்ஷிப் வேற. இப்படி ஒருத்தர் எப்படி பெஞ்ச் ப்ளேயர் ஆனார்? காலேஜ் லெவலே அவ்ளோ ஈஸியா, இல்ல இவர தேவைக்கு மேல தூக்கி வச்சிட்டாங்களா? அப்புறம் நாலு வருஷம் ஏன் காலேஜ்லயே இருந்தார்னும் தெரியல, முதல் வருஷமே நல்லா ஆடியிருக்காரே, போயிருந்தா காசு பாத்திருக்கலாமே. அந்த டைம்ல பாத்தவங்க யாராவது இருந்தா விவரமா சொல்லுங்க.

டர்ஹம்_செந்தில் பதில்:

முத்து, இத நான் சொல்றேன், அந்த நாலு வருஷமும் நான் அங்க பக்கத்துல டர்ஹம்ல வேலை பாத்துட்டு இருந்தேன், டர்ஹம்னா ட்யூக் யுனிவர்சிட்டி ஊரு, நார்த் கரோலைனா யுனிவர்சிட்டி இருக்கற சேப்பல் ஹில் போக கார்ல இருபது நிமிஷம், ஆபீஸ்ல பாதி பேரு அந்தப் பக்கம் பாதி பேரு இந்தப் பக்கம், பிப்ரவரி வந்தா வேலைய விட இதான் பேச்சு.

முதல்ல அவர் வந்த நேரத்த பாக்கணும். 2005 ஏப்ரல்ல நார்த் கரோலைனா சாம்பியன்ஷிப் அடிச்சாங்க, அடிச்ச கையோட மொத்த டீமும் காலி. மார்வின் வில்லியம்ஸ் 2வது பிக், ரேமண்ட் ஃபெல்டன் 5, ஷான் மே 13, ரஷாட் மெக்கண்ட்ஸ் 14, நாலு பேரும் ஒரே டிராஃப்ட்ல லாட்டரில, அதாவது முதல் 14 பிக்குக்குள்ள போயிட்டாங்க, சீனியர்ஸ் படிப்ப முடிச்சு கெளம்பிட்டாங்க. அடுத்த சீசன் இந்த டீம் டோர்னமெண்ட்டுக்கே போகாதுன்னு நெறைய பேரு நெனச்சாங்க. அப்ப மிசூரில பாப்ளர் பிளஃப்னு ஒரு சின்ன ஊர்லேந்து இந்த 6 அடி 9 இன்ச் பையன் வர்றார். முதல் வருஷமே 18.9 பாயிண்ட்ஸ் ஆவரேஜ், ஜார்ஜியா டெக்குக்கு எதிரா ஒரே மேட்ச்ல 40, டீம் 23 ஜெயிச்சு 8 தோத்துச்சு. ஆளே இல்லாத டீம ஒரு ஃப்ரெஷ்மேன் தூக்கி நிறுத்தினது, அதான் அந்த ஊரு ஜனங்க இவர இன்னிக்கும் விடாம கொண்டாடறதுக்கு முதல் காரணம்.

இப்ப ஆட்டம் எப்படின்னு சொல்றேன். இவர்கிட்ட அழகான மூவ்னு பெருசா ஒண்ணும் கெடையாது. ராய் வில்லியம்ஸ் கோச்சோட சிஸ்டம்ல பால் கைக்கு வந்த உடனே ஓட்டம்தான், எதிர் டீம் பாஸ்கெட் போட்டாலும் அத எடுத்து இன்பவுண்ட் பண்ணி உடனே ஓடணும், அதுல பிக் மேன் ஒருத்தர் வேற எதையும் பாக்காம நேரா எதிர் ரிங்குக்கு முன்னாடி போய் நிக்கணும். ஹான்ஸ்ப்ரோ அத ஒவ்வொரு தடவையும் ஓடினார், 38வது நிமிஷத்துலயும் முதல் நிமிஷம் மாதிரியே. டிஃபெண்டர் மூச்சு வாங்கிட்டு பின்னாடி வர்றதுக்குள்ள இவர் முதுகால அவன லாக் பண்ணிட்டு கைய தூக்கி பால் கேப்பார், டீம்ல பால் கொண்டு வர்ற டை லாசன் பாஸ் போட்டுடுவார். அப்புறம் ரெண்டு தோள்பட்டையையும் அவன் நெஞ்சுல வச்சு மேல போவார், ஷாட் மிஸ் ஆனாலும் அவரே ரீபவுண்ட் எடுத்து மறுபடி போவார், அவனுக்கு ஃபவுல் பண்றத தவிர வேற வழி இருக்காது.

இங்கதான் காலேஜ் ரூல் வருது, என்பிஏ மட்டும் பாக்கறவங்களுக்கு இது பிடிபடாது. காலேஜ்ல 20 நிமிஷம் 20 நிமிஷமா ரெண்டு பாதி. ஒரு பாதில டீமுக்கு ஏழாவது ஃபவுல் வந்தா ஒன்-அண்ட்-ஒன், அதாவது முதல் ஃப்ரீ த்ரோ போட்டாதான் ரெண்டாவது, பத்தாவது ஃபவுல்லேந்து நேரா ரெண்டு. ஒரு ப்ளேயருக்கு அஞ்சு ஃபவுல்தான், அஞ்சாவது வந்தா வெளிய. இப்ப யோசிச்சு பாருங்க, ஹான்ஸ்ப்ரோ முதல் எட்டு நிமிஷத்துலயே எதிர் டீம் சென்டர் மேல ரெண்டு ஃபவுல் ஏத்திட்டா அவன் பெஞ்சுக்கு போவான், அவங்க டீமுக்கு ஏழு ஃபவுல் சீக்கிரமே வந்து நார்த் கரோலைனா போனஸ்ல வந்துடும், அதுக்கப்புறம் நார்த் கரோலைனால யாரு மேல கை பட்டாலும் ஃப்ரீ த்ரோதான். அவர் போட்ட ஃப்ரீ த்ரோ மொத்தம் 982, காலேஜ முடிச்சு போறப்ப அது என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்டு அமைப்பு) ரெக்கார்ட், அதுக்கு முன்னாடி 905 வச்சிருந்த வேக் ஃபாரஸ்ட் டிக்கி ஹெம்ரிக் ஆடினது 1950கள்ல, அரை நூத்தாண்டுக்கு மேல நின்ன ரெக்கார்ட் அது. 2,872ல 982ன்னா மூணுல ஒரு பங்கு பாயிண்ட்ஸ் யாரும் மறிக்காத கோட்டுலேந்து வந்தது. அந்த ஃப்ரீ த்ரோவையும் உழைச்சு ஏத்தினார், முதல் வருஷம் 74 சதவீதம் பக்கம், கடைசி வருஷம் 84.

2007 மார்ச் ட்யூக் மேட்ச் பத்தி சொல்லியே ஆகணும். ஆட்டம் முடிய 14.5 செகண்ட், மேட்ச் முடிஞ்ச மாதிரிதான், நார்த் கரோலைனா நல்ல லீட். அப்பவும் இவர் கெடைச்ச ரீபவுண்ட எடுத்து மேல போறார், ட்யூக் ஜெரால்ட் ஹெண்டர்சன் மறிக்க வந்ததுல முழங்கை நேரா மூக்குல விழுந்துது. மூக்கு உடைஞ்சு ரத்தம் மூஞ்சி முழுக்க வழிய எழுந்து நின்னு வெறிச்சு பாத்துட்டு நடந்து வந்தார், அந்த ஃபோட்டோதான் இன்னிக்கும் எல்லா எடத்துலயும் சுத்துது. அன்னிக்கு அவர் கணக்கு 26 பாயிண்ட்ஸ், 17 ரீபவுண்ட்ஸ். அப்புறம் மாஸ்க் போட்டு ஆடினார், என்சிஏஏ டோர்னமெண்ட்ல மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரா மாஸ்க கழட்டி போட்டுட்டு 33 அடிச்சார். 'சைக்கோ டி'ன்னு பேரு வந்தது இவர் ஜிம்ல பண்ற வேலைய பாத்து டீமோட ஸ்ட்ரெங்த் கோச் வச்சது, ஆனா அந்த ரத்தக்கறை ஃபோட்டோவுக்கப்புறம்தான் அது ஊருக்கே பழகிப்போன பேரா ஆச்சு.

நாலு வருஷம் ஏன் இருந்தார்னு கேட்டீங்க. 2008 ஃபைனல் ஃபோர் (நேஷனல் டோர்னமெண்ட் செமிஃபைனல்), சான் அன்டோனியோ, எதிர்ல கான்சஸ் யுனிவர்சிட்டி. ராய் வில்லியம்ஸ் பதினஞ்சு வருஷம் கோச் பண்ணின அதே கான்சஸ். ஒரு கட்டத்துல ஸ்கோர் 40க்கு 12. நான் டிவி முன்னாடி உக்காந்து பாத்தது, ஆபீஸ் நண்பர்கள் யாரும் வாயே தெறக்கல. அப்புறம் ரெண்டாம் பாதில கிட்ட வந்து மறுபடி விட்டு 84-66ல தோத்தாங்க. அந்த சீசன் 36 ஜெயிச்சு 3 தோல்வி, இவர் ஆவரேஜ் 22.6 பாயிண்ட்ஸ், 10.2 ரீபவுண்ட்ஸ், தனி ஆளா வாங்க வேண்டிய அவார்ட் எல்லாம் வாங்கியாச்சு. மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், அதுக்காக திரும்பி வந்தார். கூட ஆடின லாசன், எலிங்டன், டேனி கிரீன் மூணு பேரும் டிராஃப்ட்டுக்கு பேரு குடுத்து பாத்துட்டு வாபஸ் வாங்கி வந்தாங்க.

கடைசி சீசன் ஆரம்பமே சரியில்ல, கால் முன் எலும்புல ஸ்ட்ரெஸ் பிரச்னை, முதல்ல சில மேட்ச் உக்கார வச்சுட்டாங்க. டிசம்பர்ல ஃபில் ஃபோர்டோட யுனிவர்சிட்டி பாயிண்ட்ஸ் ரெக்கார்ட் 2,290 போச்சு, மார்ச்ல ராட்ஃபோர்டுக்கு எதிரா ட்யூக் ஜேஜே ரெடிக்கோட ஏசிசி ரெக்கார்ட் 2,769 போச்சு. அந்த டோர்னமெண்ட்ல ஆறு மேட்ச், எல்லாத்துலயும் 12 பாயிண்ட்டோ அதுக்கு மேலயோ வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, ஒரு மேட்ச்ல கூட கடைசி நிமிஷ பதட்டம் இல்ல. ஃபைனல் டெட்ராய்ட் ஃபோர்ட் ஃபீல்டுல, எதிர்ல மிச்சிகன் ஸ்டேட், அதாவது அவங்க சொந்த மாநிலத்துல, எழுபதாயிரத்துக்கு மேல கூட்டம், கார் கம்பெனிகள் எல்லாம் ஆடிப்போயிருந்த 2009, அந்த ஊரே அவங்க டீம் ஜெயிக்கணும்னு நின்னுது. இவங்க பாதிலயே 55-34 ஆக்கிட்டாங்க. 89-72ல முடிஞ்சுது, ஹான்ஸ்ப்ரோ 18 பாயிண்ட்ஸ் 7 ரீபவுண்ட்ஸ்.

காலேஜ் கேரியர என்பிஏக்கு நுழைவுத் தேர்வு மாதிரி வச்சு மார்க் போடறதுதான் இங்க தப்பா போகுது. 124 வெற்றி 22 தோல்வி, ஒரு சாம்பியன்ஷிப், ஏசிசி வரலாறுல நாலு வருஷமும் ஃபர்ஸ்ட் டீம்ல, அதாவது அந்த வருஷத்தோட சிறந்த அஞ்சு பேர்ல, வந்த முதல் ப்ளேயர். அந்த ஊருக்கு அது போதும், அவருக்கும் அது போதும்னுதான் நான் நெனைக்கிறேன்.

நீலப்பேய்_அரவிந்த் பதில்:

நான் ட்யூக் பக்கம், அத முதல்லயே சொல்லிடறேன். செந்தில் ஜி சொன்னதுல பெரும்பாலும் ஒத்துக்கறேன், இவர் நாலு வருஷத்துல எங்க கேமரன் இண்டோர் ஸ்டேடியத்துக்கு வந்து நாலு தடவையும் ஜெயிச்சுட்டு போனார், 2006, 2007, 2008, 2009, அந்த அரங்கத்துல ஒரு எதிர் டீம் ப்ளேயர் அப்படி பண்றது எவ்ளோ கஷ்டம்னு எங்களுக்குத்தான் தெரியும். அதுல 2006 மேட்ச் ரெடிக்கோட சீனியர் நைட் (கடைசி வருஷ ப்ளேயர்ஸுக்கு சொந்த அரங்கத்துல கடைசி மேட்ச்), நாங்க அப்ப நம்பர் ஒன், அன்னிக்கு இந்த ஃப்ரெஷ்மேன் 27 போட்டு 83-76ல எங்கள தோக்கடிச்சார். அந்த ராத்திரி இன்னும் வலிக்குது.

ஆனா ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, மொத்த பாயிண்ட்ஸ் ரெக்கார்டுங்கறது இருந்த வருஷத்தையும் சேத்துதான். இவர் ஆவரேஜ் 20.2. அதே காலத்துல கெவின் டுரான்ட் டெக்சாஸ்ல ஒரே ஒரு சீசன் ஆடி 25.8 பாயிண்ட்ஸ், 11.1 ரீபவுண்ட்ஸ் எடுத்து, ஃப்ரெஷ்மேனாவே நேஷனல் ப்ளேயர் ஆஃப் த இயர் வாங்கிட்டு போயிட்டார். அவர் நாலு வருஷம் இருந்திருந்தா ரெக்கார்ட் புத்தகமே வேற மாதிரி இருந்திருக்கும். என்பிஏ 2006 டிராஃப்ட்லேந்து 19 வயசு ஆகணும், ஹைஸ்கூல் முடிச்சு ஒரு வருஷம் ஆகணும்னு ரூல் கொண்டு வந்தப்பறம் பெரிய திறமைசாலிங்க எல்லாம் ஒரு வருஷம் வந்துட்டு போற எடமா காலேஜ் மாறிடுச்சு. ஹான்ஸ்ப்ரோ ஜூனியர் சீனியரா (மூணாவது, நாலாவது வருஷம்) ஆடறப்ப எதிர்ல நின்ன பசங்க பாதி பேருக்கு 18, 19 வயசு, இவருக்கு 22, 23. உடம்பு பலத்த வச்சு ஆடற ஒருத்தருக்கு அந்த மூணு நாலு வயசு வித்தியாசம் ரொம்ப பெருசு.

ரெண்டாவது ஃபவுல். இவர் தோள வச்சு இடிச்சுட்டு போறதுல பாதி அஃபென்ஸ் மேல குடுத்திருக்க வேண்டிய ஃபவுல்னு நாங்க அன்னிக்கும் கத்தினோம், இன்னிக்கும் நான் அதையேதான் சொல்வேன். முதல்ல இடிக்கறது யாருன்னு பழைய வீடியோவ போட்டு மெதுவா ஓட்டி பாருங்க. பேரு வாங்கின ப்ளேயருக்கு விசில் சாதகமா விழறது எல்லா ஊர்லயும் உண்டு, அது அவர் தப்பு இல்ல, ஆனா 982ங்கற நம்பர பாக்கறப்ப அதையும் சேத்து பாக்கணும்.

ஹெண்டர்சன் விஷயம் வேணும்னு பண்ணினது இல்லன்னு நான் அன்னிக்கும் நம்பினேன். பால பாத்துதான் கைய வீசினான், ஹான்ஸ்ப்ரோ அதுக்குள்ள வேற எடத்துல இருந்தார். ஒரு மேட்ச் சஸ்பென்ஷன் வாங்கினான், அந்த ஒரு நொடிக்காக அந்தப் பையன் பல வருஷம் திட்டு வாங்கினது நியாயமே இல்ல.

லோபோஸ்ட்_கனி பதில்:

நான் பசங்களுக்கு கோச்சிங் குடுக்கறவன், அதனால ஏன் என்பிஏல எடுபடலன்னு ஆட்டத்த வச்சு சொல்றேன்.

ஹான்ஸ்ப்ரோ ஷாட்ட கவனிச்சு பாருங்க. பால தலைக்கு மேல கொண்டு போய் விடறவர் இல்ல, மூஞ்சிக்கு பக்கத்துலேந்து ரெண்டு கையாலயும் பிடிச்சு தள்ளற மாதிரி விடுவார். காலேஜ்ல அவர மறிக்க நின்னவங்க பெரும்பாலும் 6 அடி 7, 6 அடி 8, நெஞ்சுல தோள் பட்ட உடனே பின்னாடி சரிவாங்க, அந்த கேப்புல பால் வெளிய போயிடும். என்பிஏல அதே எடத்துல நிக்கறவன் 6 அடி 10, 7 அடி, அவன் சரிய மாட்டான், சரிஞ்சாலும் கை நீளம், அப்படியே மேலேந்து பிடிச்சுடுவான். பக்கத்துலேந்து இன்னொருத்தன் வந்து பிளாக் பண்ணுவான். இவரும் ஒசரமா எகிறி அடிக்கற ஆளு இல்ல, கால் பலத்துல நிக்கற ஆளு. வெளிய நின்னு த்ரீ (தூரத்துலேந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்) போடற பழக்கமும் கெடையாது. 2009க்கு அப்புறம் என்பிஏ போன தெசையே அதான், பவர் ஃபார்வர்டுன்னா (ஹான்ஸ்ப்ரோ ஆடின பொசிஷன்) கார்னர்ல நின்னு த்ரீ போடணும். அதே 2009 டிராஃப்ட்ல ஸ்டெஃபன் கரி 7வது பிக், அவர் கையாலதான் அந்த மாற்றமே வேகமாச்சு. பெயிண்ட்ல (ரிங்குக்கு அடியில இருக்கற ஏரியா) முட்டி மோதி பாயிண்ட் எடுக்கற ஆளுக்கு ரொம்ப மோசமான நேரம் அது.

ஒரே டீம் ஆளுங்கள பாத்தா இன்னும் நல்லா புரியும். ஹான்ஸ்ப்ரோ 13, லாசன் 18, எலிங்டன் 28, டேனி கிரீன் 46வது பிக். காலேஜ்ல கிரீன் நாலாவது ஆளு மாதிரி. ஆனா அவர்கிட்ட என்பிஏக்கு வேண்டிய ரெண்டு விஷயம் இருந்துது, த்ரீயும் டிஃபென்ஸும், ஸ்பர்ஸ், ராப்டர்ஸ், லேக்கர்ஸ்னு மூணு டீம்ல மூணு சாம்பியன்ஷிப் மோதிரம் வாங்கிட்டார். இதுலேந்து கிரீன் காலேஜ்ல பெரிய ப்ளேயர்னு யாரும் சொல்ல மாட்டாங்க இல்லையா, அப்ப ஹான்ஸ்ப்ரோ காலேஜ்ல சின்ன ப்ளேயர்னும் சொல்லக்கூடாது. ரெண்டு லீக்கும் கேக்கற சரக்கு வேற.

அரவிந்த் தம்பி ஃபவுல் பத்தி சொன்னதுக்கு ஒரு வார்த்தை. காலேஜ்ல டிஃபென்சிவ் த்ரீ செகண்ட் ரூல் கெடையாது, அதாவது பெரிய ஆள ரிங்குக்கு அடியிலயே நிரந்தரமா நிறுத்தி வைக்கலாம், ஜோன் போட்டு மூணு பேர பெயிண்ட்ல அடைக்கலாம். எல்லா டீமும் இவருக்கு அதத்தான் பண்ணினாங்க. அந்த நெரிசலுக்குள்ள நாலு வருஷம் பால வாங்கினவருக்கு விசில் விழறது சகஜம்தான். நான் பசங்களுக்கு இவர் வீடியோவ காட்றது பால் இல்லாதப்ப என்ன பண்றார்னு பாக்கறதுக்கு. பால் அந்தப் பக்கம் இருக்கறப்பவே இவர் கால் இடத்த பிடிச்சிருக்கும், இடது கால டிஃபெண்டர் காலுக்கு முன்னாடி போட்டு இடுப்ப எறக்கி உக்காந்துடுவார், பாஸ் வர்றதுக்கு முன்னாடியே பாதி வேலை முடிஞ்சிருக்கும். அத எந்த ஒசரத்துல இருக்கற பையனும் கத்துக்கலாம்.

என்பிஏலயும் ஒண்ணுமே பண்ணலன்னு சொல்ல முடியாது. முதல் வருஷம் உள்காது பிரச்னைல தலை சுத்தல் வந்து 29 மேட்சோட சீசன் முடிஞ்சுது. ரெண்டாவது வருஷம் ஃபிராங்க் வோகல் கோச்சா வந்தப்பறம் ஸ்டார்ட் பண்ணி அந்த சீசன் 11 பாயிண்ட்ஸ் ஆவரேஜ், பிளேஆஃப்ல டெரிக் ரோஸோட சிகாகோவுக்கு எதிரா முதல் மேட்ச்ல 22 போட்டார். அடுத்த வருஷம் பேசர்ஸ் டேவிட் வெஸ்ட்ட கூட்டிட்டு வந்தாங்க, இவர் பெஞ்சுக்கு போனார், அதோட சரி.

ஸ்கார்பரோ_குமரன் பதில்:

நான் ரொறன்ரோவில இருக்கிறன், இவர் 2013இல எங்கட ராப்டர்சுக்கு வந்து ரெண்டு சீசன் விளையாடினவர், அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டபடியா எழுதுறன்.

அப்ப ராப்டர்ஸ் எண்டா கனகாலமா பிளேஆஃபே காணாத டீம். அந்த 2013-14 சீசன்தான் எல்லாம் திரும்பினது, ரூடி கேயை டிரேட் பண்ணினவை, லௌரியும் டெரோசனும் டீமைத் தூக்கினவை, 48 வெற்றி. ஹான்ஸ்ப்ரோ பெஞ்சில இருந்து வாறவர், கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், அதே டிரேடுக்குப் பிறகு பாட்ரிக் பாட்டர்சன் வந்தபடியா அந்த நேரமும் குறைஞ்சு போச்சு. ஆனா அந்தக் கொஞ்ச நேரத்தில மனிசன் விழுந்து எழும்பி ஓடி எதிர் டீம்காரனைக் கோபப்படுத்தி ஒரு ஃப்ரீ த்ரோ வாங்கிக்கொண்டுதான் திரும்பிப் போவார். ஏர் கனடா சென்டரில மேல் வரிசையில இருந்து பார்த்தாலும் அவர் உள்ளுக்கு வந்திட்டார் எண்டு தெரியும், ஆட்டத்தின்ர சத்தமே மாறும். காலேஜில அவ்வளவு பெரிய பேர் எடுத்த ஒருத்தர், இஞ்ச பன்னிரண்டு பதினஞ்சு நிமிசத்துக்காக அப்பிடி விளையாடினதைப் பார்க்க எனக்கு அவரில மரியாதை கூடினது.

பிளேஆஃபில புரூக்ளினிட்ட ஏழாவது மேட்சில ஒரே ஒரு பொயிண்டால தோற்றது, 104-103, கடைசி ஷொட்டை போல் பியர்ஸ் மறிச்சது, அது எங்களுக்கு வேற கதை. ஆனா அந்த டீமை எங்கட சனம் இண்டைக்கும் நினைச்சுக் கதைக்கிறது, அந்தப் பேர்களோட ஹான்ஸ்ப்ரோவின்ர பேரும் வரும்.

இன்னொண்டு, இண்டியானாவில கடைசி வருசம் அவரும் தம்பி பென்னும் ஒரே டீமில விளையாடினவை. பென் நோட்டர் டேமில படிச்சு 2011இல பிக் ஈஸ்ட் எண்ட கான்ஃபரன்ஸின்ர ப்ளேயர் ஆஃப் த இயர் வாங்கினவர். டைலரின்ர மூத்த அண்ணனுக்குச் சின்ன வயசில மூளையில கட்டி எண்டு ஒப்பரேஷன் செய்தது, அதுக்குப் பிறகு அவர் ஓட்டப் பயிற்சி எடுத்து மரதன் ஓடினவர். அண்ணனைப் பார்த்துத்தான் தான் களைப்பு எண்டு சொல்லுறதில்லை எண்ட மாதிரி டைலர் பல இடத்தில சொல்லியிருக்கிறார்.

மூணுபாயிண்ட்_முத்து:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்ளோ விவரம் எதிர்பாக்கல. கனி அண்ணா சொன்ன அந்த டேனி கிரீன் கணக்குல எனக்கு பாதி புரிஞ்சுடுச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. இப்ப மாதிரி காலேஜ் ப்ளேயருக்கு காசு வர்ற காலமா இருந்திருந்தா இந்த ரெக்கார்ட் எல்லாம் இதுக்குள்ள உடைஞ்சிருக்குமா? அப்புறம் முழு மேட்ச் பாக்கணும்னா எது பாக்கலாம், ஹைலைட்ஸ் வேண்டாம்.

டர்ஹம்_செந்தில் பதில்:

காசு விஷயம் நல்ல கேள்வி. 2021லேந்து ப்ளேயர்ஸ் தங்க பேர வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆயிடுச்சு, ஹான்ஸ்ப்ரோ காலத்துல ஸ்காலர்ஷிப் தவிர ஒரு பைசா வாங்கினாலும் தடை. அந்த மாற்றத்தோட கோவிட்டால கெடைச்ச கூடுதல் வருஷமும் சேந்ததால அதுக்கப்புறம் நல்ல ப்ளேயர்ஸ் நாலு அஞ்சு வருஷம் இருந்தாங்க. ஹான்ஸ்ப்ரோ வச்சிருந்த 1,219 ரீபவுண்ட்ஸ் யுனிவர்சிட்டி ரெக்கார்ட அர்மாண்டோ பேகாட் 2023ல தாண்டிட்டார், அவரும் அஞ்சு வருஷம் ஆடினவர்தான். ஆனா பாயிண்ட்ஸ் ரெக்கார்ட பாருங்க, ஆர்ஜே டேவிஸும் அஞ்சு சீசன் ஆடினார், 2025ல முடிக்கறப்ப 2,700 தாண்டி வந்தார், யுனிவர்சிட்டி பட்டியல்ல ரெண்டாவது எடம்தான் கெடைச்சுது. ஒரு வருஷம் கூடுதலா ஆடியும் எட்டல. அரவிந்த் சொன்ன 'இருந்த வருஷம்' வாதத்துக்கு இதான் என் பதில்.

ஜெர்சி பத்தியும் சொல்லிடறேன், யாரும் கேக்கல ஆனா தெரிஞ்சுக்கணும். நார்த் கரோலைனா அரங்கம் ஸ்மித் சென்டர் கூரைல நெறைய நம்பர் தொங்கும், அதுல பெரும்பாலானது மரியாதைக்கு மாட்டினது, அந்த நம்பர மறுபடி வேற ஆளு போடலாம். ரிடையர் பண்ணினது கொஞ்சம்தான், அதுக்கு முக்கியமான நேஷனல் ப்ளேயர் ஆஃப் த இயர் அவார்ட் ஒண்ணாவது வாங்கியிருக்கணும். ஜோர்டான் 23, ஜேம்ஸ் வொர்தி 52, ஃபில் ஃபோர்ட் 12, ஜேமிசன் 33, இந்த வரிசைல ஹான்ஸ்ப்ரோவோட 50. 2010 பிப்ரவரில ட்யூக் மேட்ச் அன்னிக்கு ஏத்தினாங்க.

மேட்ச்னா முதல்ல 2006 மார்ச் கேமரன் மேட்ச், அரவிந்துக்கு வலிச்சாலும் அதான். கடைசி நிமிஷங்கள்ல ஷாட் க்ளாக் முடியப் போறப்ப இந்த ஃப்ரெஷ்மேன் வெளிய நின்னு ஒரு த்ரீ போடுவார், த்ரீ போடாத ஆளு போட்ட த்ரீ, அரங்கமே அடங்கிப் போகும். அப்புறம் 2008 ஏசிசி டோர்னமெண்ட் செமிஃபைனல் விர்ஜினியா டெக்குக்கு எதிரா, ஒரு செகண்டுக்கும் கம்மி இருக்கறப்ப ஜம்ப் ஷாட் போட்டு 68-66ல ஜெயிப்பாங்க. பாயிண்ட் போட்ட உடனே அவர் குதிக்கற குதிய பாருங்க.

நீலப்பேய்_அரவிந்த் பதில்:

ஆர்ஜே டேவிஸ் கணக்கு சரிதான் ஜி, அத மறுக்க முடியாது. முத்து, 2009 எலைட் எய்ட் (நேஷனல் டோர்னமெண்ட் குவார்ட்டர் ஃபைனல்) ஓக்லஹோமா மேட்சையும் சேத்துக்கோங்க, பிளேக் கிரிஃபின் 23 பாயிண்ட்ஸ் 16 ரீபவுண்ட்ஸ் எடுத்தும் அவர் டீம் 72-60ல தோத்துது. தனி ஆளா பாத்தா அந்த வருஷ ப்ளேயர் ஆஃப் த இயர் கிரிஃபின்தான், ஹான்ஸ்ப்ரோ அன்னிக்கு ஸ்கோர்ல பெருசா ஒண்ணும் பண்ணல. ஆனா கிரிஃபினோட மாறி மாறி முட்டிக்கிட்டே இருப்பார், அந்தப் பக்கம் லாசன் ஓடி ஓடி மேட்ச எடுத்துட்டு போயிடுவார். நான் ட்யூக்காரனா இருந்தும் அந்த டீம் ஆடின விதத்த அந்த மேட்ச்லதான் முழுசா ரசிச்சேன்.

லோபோஸ்ட்_கனி பதில்:

2009 ஃபைனல் பாக்கறப்ப முதல் பத்து நிமிஷம் பால பாக்காதீங்க முத்து, 50ம் நம்பர மட்டும் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அந்த கால் வைக்கற விஷயத்த தனியா ஒரு த்ரெட் போட்டு பேசலாம்.